தராசுக்குக் கீழே இருந்த இழுப்பறை

மாசாய், ஜொகூர்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நானும் ஷர்மைனும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ அந்த அடைபட்ட மடத்துக் கதவுக்குள் போய்ப் பதினொரு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் உன்னிடம் பேச வேண்டுமென்றால் தாளையும் பேனாவையும்தான் தேட வேண்டியிருக்கிறது. "ஊர்ல எல்லாரும் வாட்சப்ல பேசுறாங்க, நீங்க மட்டும் ஸ்டாம்ப நக்கிக்கிட்டு இருக்கீங்க" என்று கல்யாணமான நாளிலிருந்து ஷர்மைன் சிரிக்கிறாள்.

பாசிர் கூடாங் வேலை நன்றாகப் போகிறது. சின்னக் கம்பெனிதான், நாற்பது பேர். மருந்து தயாரிப்பவர்களுக்கு வேண்டிய ஒரு மூலப்பொருளைச் செய்கிறோம். அந்த ரசாயன வேலை நடக்க ஒரு வினையூக்கி வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு தடவையும் அதை வடிகட்டித் தூர எறிவார்கள். கழிவு பீப்பாய் பீப்பாயாகச் சேரும். எங்கள் வேதியியலாளர் டாக்டர் ஹேமநாதன் கொண்டுவந்தது வேறு வழி. அது ஒரு கறுப்புப் பொடி. ஒவ்வொரு துகளும் இரும்பு ஆக்சைடு, அதன்மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு, பூச்சின்மேல் பல்லேடியம் என்னும் உலோகம். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு பொடிசு. வேலை முடிந்ததும் கலனுக்குள் காந்தக் கம்பிகளை இறக்கினால் பொடி எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். சரக்கு கரைந்திருக்கும் தெளிந்த எரிசாராயத்தைப் பம்பு உறிஞ்சிப் பீப்பாய்களில் சேர்த்துவிடும். அதே பொடி அடுத்த தடவைக்கும் ஆகும். ஒரே பொடியை இப்படிப் பத்துத் தடவை பயன்படுத்துகிறோம்.

பத்தாவது தடவை முடிந்ததும் அதை உலர்த்தி ஜாடியில் அடைத்து நிறுப்பவன் நான். போன மாதம் போட்டது நானூறு கிராம், திரும்பி வந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஹேமநாதன் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதிவுத் தாளில் இப்போது என் கையெழுத்துதான்.

காலையில் லெட்சுமணன் அண்ணனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போகிறேன். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு, கம்பெனியில் பம்பு பழுதுபார்ப்பவர். வழியெல்லாம் பழைய பாட்டு ஒன்றை முனகுவார், ஒன்றையும் முடிக்க மாட்டார்.

எனக்காக வேண்டிக்கொள்.

உன் தம்பி,
அட்ரியன்


மடம்
27 டிசம்பர் 2024

அன்புத் தம்பி அட்ரியனுக்கு,

பாலன் இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. ஷர்மைன் சுகம்தானே? என் முழங்கால் என்னைவிடப் பக்தியாக இருக்கிறது, மண்டியிட்டால் எழ மறுக்கிறது.

உன் கடிதம் திருவருகைக் காலம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தது. எங்கள் வழக்கம் உனக்குப் புதிதல்ல. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் வருகிற கடிதங்களை மதர் ஒரு தட்டில் வைத்துவிடுவார், விழா வரும்வரை யாரும் பிரிப்பதில்லை. ஆகவே உன்னைக் கிறிஸ்துமஸ் அன்றுதான் படித்தேன். நல்ல பரிசு. உறையின்மேல் 'அவசரம்' என்று எழுதியிருந்தால் மட்டும் மதர் பிரித்துப் பார்த்துக் கூப்பிடுவார். அப்படி எழுத உனக்கு ஒருநாளும் அவசியம் வராமல் இருக்கட்டும்.

சிங்கப்பூர் வேலையில் நீ செய்த தவறை நீயே போய்ச் சொன்னாய். அன்றைக்கே வேலை பெர்மிட்டை ரத்துசெய்து அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் பையில் துணியோடு பாலத்தைக் கடந்து ஜொகூருக்கு வந்தாய். அதிலிருந்து உன் எழுத்தில் ஒரு பதுங்கல் இருந்தது. இந்தக் கடிதத்தில் அது இல்லை, எனக்கு நிம்மதி.

ஒன்று மட்டும் கேட்கிறேன், சிரிக்காதே. இங்கே நாங்கள் கோயில்களுக்குப் பூசையில் கொடுக்கும் ஓஸ்தி அப்பம் சுடுகிறோம். மாவை நிறுத்துப் போடுவேன், சுட்டதையும் வெட்டிய ஓரங்களையும் நிறுத்துப் பார்ப்பேன். ஒருநாளும் சரியாக வந்ததில்லை. கொஞ்சம் அச்சில் ஒட்டும், கொஞ்சம் என் கையில், கொஞ்சம் எங்கே போகிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். உன் பொடி பத்துத் தடவை சுற்றிவிட்டு அப்படியே திரும்பி வருகிறது என்கிறாய். அதெப்படி?

செபத்தில் உன்னை மறவாத அக்கா,
இன்பராணி


மாசாய்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நாங்கள் இருவரும் நலம். ஷர்மைன் பெர்மாஸ் ஜெயாவில் பல் டாக்டர் கிளினிக்கில் சேர்ந்திருக்கிறாள், வீட்டுக்கு வந்து என் பல்லையெல்லாம் எண்ணுகிறாள்.

உன் மாவு எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பணியாரச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று நீ என்ன செய்வாய் என்று எனக்கு நினைவிருக்கிறது.

எங்களுடையது மாவு இல்லை, அக்கா. காந்தம் விடாது. ஒவ்வொரு காலையும் தராசில் நிலையான எடைக்கல்லை வைத்துச் சோதிக்கிறேன், இம்மி பிசகுவதில்லை. ஆனாலும் உன் கேள்வி மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. போன வாரம் நிறுத்தபோது நானூற்று மூன்று காட்டியது. போட்டதைவிடக் கூட. ஹேமநாதனிடம் காட்டினேன். "ஈரம் இருக்கும் லா, நானூறுன்னு எழுதுங்க" என்றார். நானும் எழுதினேன். அவர் கெட்டிக்காரர், எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு ஆயிரம் மடங்கு தெரியும்.

ஈரம் என்றால் எரிசாராயத்தின் ஈரம். அந்தப் பொடி நனைந்திருக்கும்வரை சாது. வேலை முடிந்த பொடி காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். அதனால்தான் நைட்ரஜன் நிரப்பிய ஜாடியில் மூடியே நிறுக்கிறோம். பயப்படாதே, நான் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
அட்ரியன்


மடம்
12 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவரின் அமைதி உன்னோடு. இங்கே எல்லாரும் சுகம், வயதான சிஸ்டர் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல்.

நீ என்னைப் பயப்படாதே என்று சொன்ன பிறகுதான் பயந்தேன். இனிமேல் அப்படி எழுதாதே. எழுதினால் காரணத்தையும் எழுது.

திருநீற்றுப் புதன் மார்ச் ஐந்து. அதற்குப் பிறகு ஏப்ரல் இருபது, உயிர்ப்பு ஞாயிறு வரை கடிதம் கிடையாது. சொல்ல இருப்பதை அதற்குள் சொல்லிவிடு. ஷர்மைனிடம் அவளை முத்தமிட்டேன் என்று சொல். லெட்சுமணனிடம் வண்டி ஓட்டும்போது பாட வேண்டாம் என்று சொல்.

உன் அக்கா,
இன்பராணி


மாசாய்
4 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் நலமில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி ஆறாவது ஜாடியை நிறுத்தேன். முந்நூற்று ஐம்பத்தெட்டு. கொட்டிவிட்டேனோ என்று மேசை, தரை எல்லாம் தேடினேன். ஒரு துளி கறுப்பு இல்லை. அப்போதுதான் கவனித்தேன், தராசுக்குக் கீழே இருக்கும் இழுப்பறை காலி. அதில்தான் காந்தக் கம்பிகளைத் துணியில் சுற்றி வைப்பேன். மேசைமேல் கிடந்தால் சுத்தியல் ஸ்பேனர் எல்லாம் வந்து மாட்டிக்கொள்ளும், யாருடைய பேங்க் கார்டாவது கெட்டுப்போகும் என்று சேர்ந்த முதல் வாரமே நான்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அன்று கம்பிகளைக் கழுவி வேறு இடத்தில் காயவைத்திருந்தோம்.

கம்பிகளை எடுத்துவந்து இழுப்பறையில் வைத்து மறுபடி நிறுத்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

உனக்குப் புரிகிறதா, அக்கா? பொடி காந்தத்துக்கு ஆசைப்படும் பொடி. கீழே இருந்த காந்தம் ஜாடியைக் கீழே இழுத்தது, தராசு அதையும் எடை என்று காட்டியது. எடைக்கல் காந்தத்துக்கு மசியாத உலோகம், அதனால் காலைச் சோதனையில் ஒரு குற்றமும் தெரியவில்லை. சேமித்து வைத்திருந்த மற்ற ஐந்து ஜாடிகளையும் காந்தம் இல்லாமல் நிறுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நாற்பது நாற்பதாகக் குறைகிறது. ஆறு ஜாடியிலும் சேர்த்துக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவும் எங்கே போனது?

செய்து அனுப்பிய சரக்கில் இல்லை, அதைத் தனியாகச் சோதிக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது. அப்படியென்றால் கலனுக்கும் பீப்பாய்க்கும் நடுவில். நடுவில் இருப்பது பம்பு. எங்கள் பம்பு ஒழுகாத வகை. உள்ளே சுழல்வதை வெளியிலிருந்து ஒரு காந்தம் சுற்றுகிறது. கம்பியிலிருந்து தப்பிய பொடி இன்னொரு காந்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். போகாது. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பம்பு எரிசாராயத்தால் நிறைந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. திறந்தால்தான். ஹரிராயா நோன்புப் பெருநாள் விடுமுறைக்குக் கம்பெனியை மூடும்போது வருடாந்திரப் பராமரிப்பு. மார்ச் இருபத்தொன்பது. எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் பம்பைத் திறப்பார்கள். திறப்பவர் லெட்சுமணன் அண்ணன்.

நான் சொல்ல வேண்டும். தெரியும். சொல்லப் போனேன். ஹேமநாதன் அறை வாசலில் நின்றேன், கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். ஏற்கனவே ஐந்து தாளில் என் கையெழுத்து. மறுபடி பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வருவேன், இந்தத் தடவை ஷர்மைன் வாசலில் நிற்பாள். கம்பிகளை மறுபடி அதே இழுப்பறையில் வைத்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அட்ரியன்


மாசாய்
23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் உடம்பு எப்படி? இங்கே நல்ல வெயில்.

இன்னும் ஆறு நாள். தினமும் காலையில் லெட்சுமணன் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். மாசாய் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழும். சொல்ல வாயைத் திறப்பேன். விளக்கு பச்சையாகிவிடும். அவர் முனகத் தொடங்குவார்.

வியாழக்கிழமை அவரே பேச்செடுத்தார். "மூணு நாள்ல எல்லாத்தையும் தொறந்து மூடணும் தம்பி, அந்தக் காந்தப் பம்பு ஒண்ணுதான் சுலபம், அதுல அழுக்கே இருக்காது" என்றார். "பாத்து செய்ங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் சிரித்தார்.

கம்பெனியில் பம்பு ஓடும் சத்தம் எனக்கு மட்டும் வேறாகக் கேட்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம், பொடி வேறெங்காவது போயிருக்கலாம். அப்படியென்றால் சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் ஆவேன். இப்படி ஒரு நாளைக்கு நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான் எழுதுவதை ஷர்மைன் பார்த்துவிட்டாள். "அக்காவுக்கா? தவசு நாள்ல அவங்க படிக்க மாட்டாங்களே, ஏன் எழுதுறீங்க?" என்றாள். நான் உறையில் உன் பெயரை எழுதினேன்.

அட்ரியன்


மாசாய்
2 ஏப்ரல் 2025

அக்கா,

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்தது. நான் கிடங்கில் இருந்தேன். பெரிய சத்தம் எல்லாம் இல்லை. யாரோ போர்வையை உதறியது போல ஒரு சத்தம், அப்புறம் லெட்சுமணன் அண்ணனின் குரல்.

பம்பை வடித்து, மூடியைக் கழற்றி வெளியே எடுத்திருக்கிறார். கையில் இருக்கும்போதே பற்றிக்கொண்டது. மிச்சமிருந்த எரிசாராய ஆவியும் சேர்ந்துகொண்டது. நான் ஓடிப்போனபோது அணைத்துவிட்டார்கள். இரண்டு கையும் முகத்தின் வலது பக்கமும் வெந்துவிட்டன. வலது கண்ணைப் பற்றி டாக்டர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "மோட்டார் சாவி என் பாக்கெட்ல இருக்கு, வீட்டுல கொடுத்துரு" என்றார்.

சாவியை நான்தான் அவர் மனைவி கிருஷ்ணம்மா அக்காவிடம் கொடுத்தேன்.

அட்ரியன்


மாசாய்
13 ஏப்ரல் 2025
குருத்து ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நலமா? ஷர்மைன் சுகம்.

விசாரணை நடக்கிறது. அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு அதிகாரி இரண்டு தடவை வந்துவிட்டார். பம்புக்குள் எரியக்கூடிய பொடி இருந்திருக்குமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பதிவுத் தாள்களை எடுத்துக் காட்டினார்கள். ஏழு ஜாடி, ஏழிலும் பொடி முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே பம்பில் பொடி இருக்க வழியில்லை. பிறகு எப்படித் தீப்பிடித்தது என்று தேடினார்கள். லெட்சுமணன் அண்ணனின் கால்சட்டைப் பையில் லைட்டர் இருந்தது. அவர் சிகரெட் பிடிப்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அதான் விஷயம்" என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அறையில் எல்லாருக்கும் மூச்சு இலேசானது. எனக்கும்தான், அக்கா. உன்னிடம் ஒளிப்பதற்கில்லை, எனக்கும்தான்.

மாதக் கடைசியில் அறிக்கையை முடித்துவிடுவார்கள். விதியை மீறி நெருப்பு வைத்திருந்தார் என்று முடிந்தால் அவருக்கு வேலையும் இல்லை, அடிபட்டதற்கு வரவேண்டிய எதுவும் இல்லை. அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம், "நான் பத்த வைக்கல."

தினமும் மருத்துவமனைக்குப் போகிறேன். கிருஷ்ணம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற யாரும் எட்டிப் பாக்கல தம்பி, நீங்க ஒரு ஆள்தான் தெனமும் வர்றீங்க" என்றார். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அட்ரியன்


மடம்
21 ஏப்ரல் 2025

அட்ரியன்,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன். உன் நலத்தை விசாரிக்க இன்று கை வரவில்லை.

நேற்று பூசை முடிந்ததும் மதர் தட்டைக் கொண்டுவந்தார். மற்ற சிஸ்டர்களுக்கு ஒன்றிரண்டு, எனக்கு நான்கு. எல்லாரும் சிரித்தார்கள், இன்பராணிக்குத் தம்பியின் பாசம் பொங்கிவிட்டது என்று. நானும் சிரித்துக்கொண்டேதான் முதலாவதைப் பிரித்தேன்.

நான்கையும் படித்துவிட்டு உறைகளைப் பார்த்தேன். முதல் உறையில் தபால் முத்திரை மார்ச் ஐந்து. பதினொரு வருடமாகத் தவக்காலத்துக்கு முந்திய வாரமே உன் கடிதம் வந்துவிடும், ஒருதடவையும் பிந்தியதில்லை. இந்த வருடம் மட்டும், பதின்மூன்று நாள் கையில் இருந்தும், திருநீற்றுப் புதனன்று போட்டிருக்கிறாய். உறையில் 'அவசரம்' இல்லை. அடுத்த உறையிலும் இல்லை. வாசலில் போன் இருக்கிறது, வாசல் சிஸ்டர் எடுப்பார் என்பதும் உனக்குத் தெரியும்.

யாரிடமாவது சொல்லிவிட்டோம் என்று உனக்கு இருக்க வேண்டும், ஆனால் யார் காதிலும் அது விழக்கூடாது. அதற்கு என்னைவிடத் தோதான ஆள் உனக்குக் கிடைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தைப் பூட்டிய பெட்டிக்குள் செய்துவிட்டு, சாவி ஏப்ரலில்தான் வரும் என்று வீட்டுக்குப் போய்விட்டாய்.

உன்னைத் திட்டிவிட்டு நான் தப்பிக்கப் போவதில்லை. மார்ச் கடைசியில் உன் இரண்டாவது கடிதம் வந்த அன்று மதர் என்னைக் கூப்பிட்டார். "இந்த மாசத்துல உங்க தம்பிகிட்டயிருந்து ரெண்டாவது, சிஸ்டர். அவர் இப்படி எழுதுறவர் இல்லையே. பிரிக்கட்டுமா?" என்றார். அன்று தேதி இருபத்தாறு. நான் வேண்டாம் என்றேன். என் தவக்காலம் ஓட்டை விழாமல் முடிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைப் பக்தி என்று நினைத்தேன். அந்தக் கை வெந்ததில் எனக்கும் மூன்று நாள் பங்கு இருக்கிறது. இதை மதரிடம் சொல்லிவிட்டேன்.

உன் மார்ச் நான்கு கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், உறையோடு. பிரதி எடுக்கவில்லை. கிழித்துப் போட்டாயானால் அந்தத் தராசைப் பற்றி நீ எழுதிய காகிதச் சாட்சி ஒன்றும் மிஞ்சாது. ஆனால் நான் படித்துவிட்டேன். கிருஷ்ணம்மாவுக்கு இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று ஆறுதல் கடிதம். இன்னொன்றில் அவர் புருஷன் பற்ற வைக்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். ஏப்ரல் இருபத்தெட்டு, திங்கட்கிழமை, இரண்டில் ஒன்றைத் தபாலில் சேர்க்க மதர் அனுமதி தந்திருக்கிறார். எதை என்பதை நீ வாசல் சிஸ்டரிடம் போனில் சொல்.

இது மிரட்டல்தான்.

உன் அக்கா


மாசாய்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் உடம்பைக் கவனித்துக்கொள். ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை, போனில் வாசல் சிஸ்டரிடம் "சொல்லிட்டேன்" என்ற ஒரு வார்த்தைக்குமேல் எனக்கு வரவில்லை, மன்னித்துக்கொள். மற்றதை இதில் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று ஷர்மைன்தான் அதை என் கையில் கொடுத்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "சாப்பிட்டுப் போங்க, வழியில மயக்கம் போட்டு விழுந்துறாதீங்க" என்றாள்.

பிறகு நேராக ஹேமநாதன் அறைக்குப் போனேன். கடிதத்தை மேசையில் வைத்தேன். படித்துவிட்டு எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஏழு ஜாடிகளையும் தானே நிறுத்தார், கம்பிகளை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாநூத்தி மூணு காட்டினப்பயே நான் இந்த லாச்சியத் தொறந்து பாத்திருக்கணும்" என்று இழுப்பறையைக் காட்டிச் சொன்னார். அவரும் பயந்துதான் போயிருந்தார். இருந்தாலும் அதிகாரிக்குப் போன் செய்தது அவர்தான்.

அதிகாரி கடிதத்தையும் உறையையும் வாங்கி ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். தீயின் கரி என்று அதுவரை யாரும் உள்ளே பார்க்காத பம்பைத் தண்ணீருக்கடியில் வைத்து முழுதாகப் பிரித்தார்கள். காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், விரல் பருமன், தீயில் கொஞ்சம்தான் போயிருந்தது. லைட்டர் பேச்சு அன்றோடு முடிந்தது. அதிகாரி என்னிடம், "அக்காவுக்கு எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு எங்களுக்கு எழுதத் தெரியலயா?" என்று கேட்டார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கு வரலாம் என்கிறார்கள். வரும் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஹேமநாதனிடம் சொன்ன அன்று சாயந்திரமே மருத்துவமனைக்குப் போனேன். உன் ஆறுதல் கடிதம் அவர்களுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. லெட்சுமணன் அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் கட்டு, வலது கண்ணில் கட்டு. அந்தக் கண் திரும்பாது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். கிருஷ்ணம்மா அக்கா மைலோ ஆற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். இழுப்பறை, தராசு, பம்பு, எல்லாம்.

முடித்ததும் லெட்சுமணன் அண்ணன் கேட்டார், "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பிப்ரவரி இருபது" என்றேன்.

உதட்டை அசைத்து நாட்களை எண்ணினார். எண்ணி முடித்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திட்டுத் தொறந்திருப்பேன் லா" என்றார். "அவ்ளோதான் வேல."

கோபமாகச் சொல்லவில்லை, அக்கா. வேலையில் எந்த ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னார். கிருஷ்ணம்மா அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அறைக் கதவைத் திறந்து, நான் வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

உன் தம்பி,
அட்ரியன்